கோணற் கண்ணாடியும் யதார்த்தமும் — ஒரு நோக்கு

'இலக்கியம் காலத்தின் கண்ணாடி' என்னும் தொடர் தமிழ்த் திறனாய்வில் மிகவும் பழகிப்போன ஒன்றாகும். பாடசாலைக் கட்டுரைகளிலிருந்து பல்கலைக்கழக ஆய்வேடுகள் வரை அது எங்கும் தென்படுகின்றது. ஆயினும், அது எத்தகைய கண்ணாடி, அதனைப் பிடித்திருப்பவர் யார், எந்தக் கோணத்தில் பிடித்திருக்கிறார் என்னும் வினாக்கள் பெரும்பாலும் எழுப்பப்படுவதில்லை. கண்ணாடி என்றதும் சுவரில் மாட்டப்பட்ட தட்டையான ஆடியே நினைவில் எழுகின்றது. எதிரே நிற்பதை நிற்பவாறே காட்டும் அவ்வாடியை அளவுகோலாகக் கொண்டு ஒரு நாவலையோ நாடகத்தையோ அளந்து, ஒத்திருந்தால் யதார்த்தம் என்றும் ஒவ்வாவிடின் திரிபு என்றும் தீர்ப்பு வழங்கிவிடுவது எளிது. திரிபு என்ற சொல்லே ஒரு குற்றச்சாட்டாகிவிட்டது.

கண்ணாடி உருவகத்தைக் கையாண்ட மூலவர்கள் இத்துணை எளிமையாக அதனைக் கருதவில்லை. ஸ்தெந்தால் 1830ஆம் ஆண்டில் வெளியிட்ட 'சிவப்பும் கறுப்பும்' நாவலில் வரும் கண்ணாடி பெருவீதி வழியே தூக்கிச் செல்லப்படுவது. தூக்கிச் செல்பவனின் நடைக்கேற்ப அது ஒரு கணம் வானத்தையும் மறுகணம் வீதிச் சேற்றையும் காட்டுகின்றது. தோல்ஸ்தோயை ருஷ்யப் புரட்சியின் கண்ணாடி என 1908இல் வர்ணித்த லெனின், தான் பிரதிபலிக்கும் நிகழ்வையே சரிவரப் புரிந்துகொள்ளாத ஒருவரை எவ்வாறு அதன் கண்ணாடி எனலாம் என்ற ஐயத்தை எழுப்பிக்கொண்டே தமது கட்டுரையைத் தொடங்குகின்றார். அக்கட்டுரையின் தலைப்பைப் படித்தவர்கள் பலர். அதன் முதற் பந்தியைப் படித்தவர்கள் அத்துணைப் பேர் அல்லர் போலும். 1966இல் பியேர் மாஷெரே இதே கட்டுரைக்குத் திரும்பி, கண்ணாடியில் விழாதவையும் விழுந்தவற்றைப் போன்றே பொருளுடையன என வாதிட்டார். ஆகவே, உருவகத்தின் உள்ளேயே கோணலுக்கு இடம் இருந்தது. கைலாசபதி, சிவத்தம்பி முதலியோரின் எழுத்துக்கள் வழியே ஈழத்தில் வேரூன்றிய யதார்த்தவாத நோக்கின் பின்னணியிலும் இவ்விடயம் மீள நோக்கத்தக்கது.

வளைந்த ஆடி செய்வது யாது? ஒளியியலின் சாதாரண விதிகளை அது ஒருபோதும் மீறுவதில்லை. தட்டையான ஆடியில் படுகோணமும் தெறிகோணமும் எவ்வாறு சமமோ அவ்வாறே வளைந்த ஆடியின் ஒவ்வொரு புள்ளியிலும் அவை சமம். மேலிருந்து கீழாக வெளிப்புறம் வளைந்த தகட்டின் முன் நிற்பவர் குள்ளராகின்றார், அகலம் மாறுவதில்லை. உட்புறம் வளைந்த தகட்டின் குவியத்துக்கு உள்ளே நிற்பவர் நெடியவராகின்றார். குவியத்தைக் கடந்து பின்வாங்கினால் தலைகீழாகின்றார். மெல்லிய, வளையக்கூடிய தகட்டினைச் சட்டமொன்றிற் பொருத்தி, ஓரங்களில் திருகாணிகளை அமைத்துவிட்டால், திருகும் கையின் விருப்பப்படி ஒரே முகத்தைப் பல முகங்களாக்கலாம். களியாட்டக் கூடாரங்களில் மக்களைச் சிரிக்கவைத்த வித்தை இதுவே. கூடாரத்திற் சிரிக்கும் சிறுவனும் ஒன்றை மறப்பதில்லை: நீண்ட மூக்குடன் எதிரே நிற்பது தானே. அடையாளம் அழிந்துவிடின் சிரிப்பு இல்லை. திரிபின் சுவை திரிபு எங்கிருந்து புறப்பட்டது என்பதை அறிந்திருப்பதிலேயே தங்கியுள்ளது.

இவ்விளையாட்டுப் பொருளைக் கலைக்கருவியாக்கியவர்களுள் அந்த்ரே கெர்த்தேஸ் முதன்மையானவர். 1894இல் புடாபெஸ்ட் நகரிற் பிறந்து, 1925இல் பாரிஸ் சென்று குடியேறிய இந்நிழற்படக் கலைஞர், 1933இல் 'லெ சூரிர்' என்னும் நகைச்சுவை இதழின் வேண்டுகோளுக்கிணங்கக் கோணற் கண்ணாடிகளின் முன் நிறுத்தப்பட்ட நிர்வாண உருவங்களைப் படம்பிடித்தார். ஏறத்தாழ 200 படங்கள் உருவாயின. 'திரிபுகள்' என்ற பெயரிலேயே அவை அறியப்பட்டன; அவற்றுக்கெனத் தனி நூல் 1976இலேயே வெளிவந்தது. அப்படங்களில் உடல் தசையாகவும் நீராகவும் மாறி மாறித் தோன்றுகின்றது. தோள் எங்கு முடிந்து கை எங்குத் தொடங்குகின்றது என்பதைக் கண் தேடவேண்டியுள்ளது. இளமையிலேயே, 1917இல், நீருக்கடியில் நீந்துபவனின் உடல் அலைகளால் முறிந்து தோன்றுவதைப் பதிவுசெய்தவர் அவர். அந்த வியப்பின் தொடர்ச்சியே 1933இன் படங்கள் எனலாம்.

இங்கு கருதத்தக்க ஒன்றுண்டு. கெர்த்தேஸின் கமரா எதனையும் திரிக்கவில்லை. கண்ணாடியில் இருந்ததை அது அப்படியே பதிவுசெய்தது. திரிபின் நேர்மையான ஆவணம் என்று அப்படங்களை வர்ணிக்கலாம். ஆயினும், இச்சாதனையின் எல்லையும் இங்கேயே புலப்படுகின்றது. இப்படங்களில் வளைக்கப்படுவது எது? பெயரற்ற பெண்ணுடல். வளைப்பது யார்? ஆண் கலைஞர். பார்ப்பது யார்? இன்பத்துக்காக இதழை வாங்கும் வாசகர். உடலின் மீது ஆதிக்கம் செலுத்தும் பார்வையை இத்திரிபு கேள்விக்குட்படுத்துகின்றதா, அன்றி அப்பார்வைக்கே இன்னொரு சுவையை ஊட்டுகின்றதா என்பது விவாதத்துக்குரியது. சில படங்களில் அழகுப் பொருளாகிய உடல் சிதைந்து, பார்ப்பவரின் ஆசையே அவரைக் கண்டு அஞ்சும் நிலை உருவாகின்றது என்பதை ஒப்புக்கொள்ளவேண்டும். ஆனால் பெரும்பாலானவற்றில் வளைவு வளைவுக்காகவே நிகழ்கின்றது. கருவியின் ஆற்றல் கண்டறியப்பட்டுவிட்டது; எதனை நோக்கி அதனைத் திருப்புவது என்ற வினா பிறக்கவில்லை.

கெர்த்தேஸ் பிறந்த அதே புடாபெஸ்டில் 1885இல் பிறந்தவர் ஜோர்ஜ் லூக்காச். 1937-38ஆம் ஆண்டுகளில் மொஸ்கோவிலிருந்து வெளிவந்த 'டாஸ் வோர்ட்' என்னும் ஜேர்மன் இதழில் நடைபெற்ற வெளிப்பாட்டுவாத விவாதம் யாவரும் அறிந்ததே. சமுதாயத்தின் முழுமையைப் பிரதிபலிப்பதே யதார்த்தம் என்றும், சிதறிய மேற்பரப்பை அப்படியே தருவது அம்முழுமையை மறைக்கும் என்றும் லூக்காச் வாதாடினார். பிரெக்ட் இதற்கு எழுதிய மறுப்புக்களில் பெரும்பாலானவை அவரது வாழ்நாளில் அச்சேறவில்லை. யதார்த்தம் மாறுமாயின் அதனைச் சித்திரிக்கும் முறையும் மாறியாகவேண்டும் என்பதே அவரது வாதத்தின் சாரம். இருவரில் எவர் பக்கம் சேர்வது என்று மாணவர்கள் வினாவிடை எழுதுவது வழக்கம். அவ்விவாதத்திற்குப் பதினான்கு ஆண்டுகள் முன்னரே ஸ்பானிய நாடகாசிரியர் ஒருவர் இவ்வினாவிற்கு ஒரு படைப்பின் மூலம் விடையிறுத்திருந்தார் என்பது அவ்விடைத்தாள்களில் இடம்பெறுவதில்லை.

ராமோன் டெல் வால்யே-இன்க்ளான் எழுதிய 'லூசெஸ் டெ பொஹேமியா' என்னும் நாடகம் 1920இல் 'எஸ்பான்யா' என்ற வார இதழில் தொடராக வெளிவந்தது. 1924இல் மூன்று புதிய காட்சிகளுடன் நூலாயிற்று. வறுமையில் வாடும் குருட்டுக் கவிஞன் மக்ஸ் எஸ்த்ரேயா தன் வாழ்வின் கடைசி இரவில் மட்ரிட் நகரின் தெருக்களில், டொன் லத்தீனோ என்னும் போலி நண்பனுடன் அலைகின்றான். புத்தகக்கடை, மதுக்கடை, பொலிஸ் நிலையச் சிறைக்கூடம், அமைச்சரின் அலுவலகம் எனச் செல்லும் அந்த நடை விடியற்காலையில் தன் வீட்டு வாயிற்படியில் அவன் மடிவதுடன் முடிகின்றது. பன்னிரண்டாம் காட்சியில், உயிர் பிரியும் தறுவாயில், அவன் ஒரு கலைக்கொள்கையை உரைக்கின்றான். காவிய நாயகர்கள் 'பூனைச் சந்து' எனப்படும் ஒடுங்கிய தெருவின் குழிவாடிகளின் முன் உலவச் சென்றுவிட்டனர். அங்கு தெரியும் உருவமே 'எஸ்பெர்பெந்தோ'. ஸ்பெயின் நாடே ஐரோப்பிய நாகரிகத்தின் விகாரமான திரிபாகிவிட்டபடியால், அந்நாட்டின் துன்பியலை முறையாகத் திரிக்கப்பட்ட அழகியலால் மட்டுமே எடுத்துரைக்கமுடியும் என்கின்றான் அவன். திரிபு ஒரு பிழையற்ற கணிதத்துக்குக் கட்டுப்படுமாயின் அது திரிபாகவே இராது என்பதும் அவன் கூற்று.

அச்சந்து கற்பனையன்று. அல்வாரெஸ் காத்தோ என்பவரின் பெயரால் வழங்கும் அத்தெருவில் இரும்புச் சாமான் கடையொன்றின் முகப்பில் குழிவாடியும் குவிவாடியும் பொருத்தப்பட்டிருந்தன. வழிப்போக்கர்கள் நின்று சிரித்துச் செல்வர். கணிதம் பற்றிய பேச்சும் வெறும் அலங்காரமன்று. வளைவின் அளவு தெரிந்தால், திரிந்த விம்பத்திலிருந்து மூல உருவை மீட்கலாம். 1533இல் ஹோல்பைன் தீட்டிய 'தூதுவர்கள்' ஓவியத்தின் அடியிற் கிடக்கும் நீண்ட கறை, பக்கவாட்டில் நின்று நோக்குவோர்க்கு மண்டையோடாகத் தெரிவது இவ்வாறே. ஒழுங்கற்ற சிதைவிலிருந்து மூலத்தை மீட்க வழியில்லை. மக்ஸ் கோரும் திரிபு முதல் வகையைச் சேர்ந்தது.

விமரிசகர்கள் இக்கொள்கையைத் தனியே எடுத்து மேற்கோள் காட்டி மகிழ்கின்றனர். கொள்கையை உரைப்பவன் யார் என்பதை அவர்கள் மறந்துவிடுகின்றனர். கண்ணாடியைப் பற்றிப் பேசுபவன் கண் தெரியாதவன். மேலும், அவன் குற்றமற்றவனும் அல்லன். சிறைக்கூடத்தில் கத்தலோனியத் தொழிலாளி ஒருவனைச் சந்தித்து, அவனைத் தன் சகோதரனே என்றவாறு கட்டித் தழுவிய மக்ஸ், அங்கிருந்து விடுதலையானவுடன் பழைய நண்பராகிய அமைச்சரிடம் சென்று, மாதாந்த உதவித்தொகைக்கு உடன்படுகின்றான். அப்பணம் பொலிஸாரின் இரகசிய நிதியிலிருந்து வருவது. அந்தப் பணத்தில் ருபேன் டாரியோவுக்கு விருந்தும் வைக்கின்றான். குழிவாடி முதலில் வளைப்பது அதனைக் கையிலேந்தியவனின் முகத்தையே. கெர்த்தேஸின் படங்களில் இல்லாதது இதுதான்.

இன்னும் முக்கியமான ஒன்றை நூற்பதிப்பு காட்டுகின்றது. 1924இல் சேர்க்கப்பட்ட மூன்று காட்சிகளில் ஒன்று புத்தகக்கடையில் நிகழும் அங்கதம், அதனை விட்டுவிடலாம். ஏனைய இரண்டும் ஆறாம், பதினோராம் காட்சிகள். ஆறாவதில் மேற்குறித்த சிறைக் கைதி. பதினோராவதில் தெருக்கலவரத்தின்போது துப்பாக்கிச் சூட்டில் இறந்த குழந்தையை ஏந்தி அலறும் தாய். அவளைச் சூழ நின்று வியாபாரத்துக்கு நேர்ந்த நட்டத்தைப் பற்றியும் ஒழுங்கின் அவசியத்தைப் பற்றியும் பேசும் கடைக்காரரும் அயலாரும். அக்காட்சியின் முடிவில் வேட்டொலி கேட்கின்றது. கைதி தப்பியோட முயன்றபோது சுடப்பட்டான் என்ற செய்தி வருகின்றது. 'தப்பியோடல் சட்டம்' எனப்பட்ட இம்முறை பார்சலோனாத் தொழிலாளர்மீது 1920-22 காலப்பகுதியில் மெய்யாகவே பிரயோகிக்கப்பட்டது. இக்காட்சிகள் நூலில் இடம்பெற்றதோ 1923இல் ஆட்சியைக் கைப்பற்றிய பிரிமோ டெ ரிவேராவின் சர்வாதிகாரத்தின் கீழ்.

அமைச்சர், பொலிஸார், பத்திரிகையாளர், கவிஞர், குடிகாரர் ஆகிய அனைவரையும் பொம்மைகளாகவும் விலங்குகளாகவும் வளைத்துக் காட்டும் நாடகம், இவ்விருவர் முன்னிலையில் மட்டும் வளைவதை நிறுத்திக்கொள்கின்றது. கைதியின் பேச்சில் கேலி இல்லை. தாயின் அலறலில் விகாரம் இல்லை. அவர்களைச் சூழ்ந்தோரின் சொற்கள் விகாரமாக ஒலிப்பது அந்த அலறலின் அருகில் அவை நிற்பதாலேயே. திருகாணியில் கை வைத்திருப்பவர் எங்கு அதனைத் திருகவேண்டும், எங்குக் கையை எடுத்துவிடவேண்டும் என்பதை அறிந்திருக்கின்றார். 1920இன் பதிப்பில் பன்னிரண்டே காட்சிகள், இவ்விருவரும் இல்லை. அப்பதிப்பின் கோணற் கண்ணாடி கூர்மையானதே. எனினும், எல்லாருமே விகாரர் என்னும்போது எவரும் விகாரர் அல்லர் என்ற சோர்வு அங்கு தோன்ற இடமுண்டு. நான்கு ஆண்டுகளின் பின் ஆசிரியர் செய்த திருத்தம் நாடகத்தின் முதுகெலும்பையே மாற்றியமைத்தது.

வானியலார் கையாளும் ஒரு முறை இதனை விளங்கிக்கொள்ள உதவுகின்றது. விண்மீனின் ஒளி புவியின் வளிமண்டலத்தினூடே வருகையில் காற்றின் கொந்தளிப்பால் நெளிந்துவிடுகின்றது. பிழையற்ற வடிவில் அசையாது நிற்கும் ஆடி, ஏற்கெனவே நெளிந்துவிட்ட அவ்வொளியை நெளிந்தவாறே தரும், விம்பம் மங்கும். ஆகவே, காற்று நெளிப்பதற்கு எதிர்மாறாக ஆடியையே நெளிக்கவேண்டும் என்னும் யோசனையை 1953இல் அமெரிக்க வானியலாளர் ஹொரஸ் பாப்கொக் முன்வைத்தார். அது நடைமுறைக்கு வரப் பல பதின்மங்கள் சென்றன. சிலி நாட்டின் பரனால் மலையிலுள்ள பெருந் தொலைநோக்கிகளுள் ஒன்றில் 2016ஆம் ஆண்டு பொருத்தப்பட்ட துணையாடி 1.1 மீற்றர் விட்டமும் ஏறத்தாழ 2 மில்லிமீற்றர் தடிப்பும் மட்டுமே உடையது. அதன் பின்புறத்தே 1170 சிறு இயக்கிகள் அமர்ந்து, செக்கனுக்கு ஏறத்தாழ ஆயிரம் தடவை அதன் வடிவை மாற்றிக்கொண்டேயிருக்கின்றன. நேரானதைக் காண்பதற்காக ஆடி வளைகின்றது.

மக்ஸின் கூற்று இதுவே. ஊடகம் கோணலாகிவிட்ட நாட்டில், பத்திரிகையும் மேடைப்பேச்சும் நீதிமன்றமும் தேசப்பெருமையும் ஒளியை நெளித்துவிட்ட பின்னர், தட்டையான ஆடி அந்நெளிவையே உண்மையெனக் காட்டும். லூக்காச் அஞ்சிய மேற்பரப்புச் சித்திரிப்பு இதுதான். ஆனால் அதற்கான மாற்று அவர் விதித்த பெருநாவல் வடிவம் மட்டுமே என்பது பெறப்படவில்லை. பிரெக்டின் பக்கம் தராசு சாய்வதாகத் தோன்றலாம். எனினும், வானியலாரின் முறையில் இன்னோர் உறுப்பு உண்டு. எந்த அளவு நெளிக்கவேண்டும் என்பதை ஆடி எவ்வாறு அறியும்? எவ்வாறு தோன்றவேண்டும் என்று முன்னரே அறியப்பட்ட ஒரு வழிகாட்டி விண்மீன் தேவை. அருகில் அத்தகைய விண்மீன் இல்லாதவிடத்து, லேசர்க் கதிரைப் பாய்ச்சி ஏறத்தாழ 90 கிலோமீற்றர் உயரத்திலுள்ள சோடியப் படையில் செயற்கை விண்மீன் ஒன்றை உண்டாக்குகின்றனர். அது இல்லையேல் 1170 இயக்கிகளும் வீண். ஆடி தன் விருப்பப்படி நெளிந்து இன்னொரு பொய்யைக் காட்டும். குழந்தையை ஏந்திய தாயும் கைதியும் அந்நாடகத்தின் வழிகாட்டி விண்மீன்கள். அவர்களை அளவாகக் கொண்டே ஏனையோரின் வளைவு கணிக்கப்படுகின்றது.

இவ்வளவையால் நோக்கும்போது ஆசிரியரின் பிற்காலக் கூற்றொன்று இடர்ப்பாடு தருகின்றது. 1928இல் அளித்த நேர்காணலில் வால்யே-இன்க்ளான், உலகை முழந்தாளிட்டும், நின்றும், வானில் உயர்ந்து நின்றும் என மூவகையிற் காணலாம் என்றும், மேலிருந்து பொம்மையாட்டியைப் போல நோக்குவதே தமது முறை என்றும் விளக்கினார். கோட்பாட்டு நூல்களில் இதுவே பெரிதும் பேசப்படுகின்றது. இவ்விடத்தில் ஆசிரியரை விட நாடகத்தையே நம்பவேண்டியுள்ளது. வானில் நிற்பவனுக்குத் தாயும் கடைக்காரரும் ஒரே உயரமுடைய பொம்மைகள். மக்ஸ் வானில் நிற்கவில்லை. குளிர்ந்த வாயிற்படியில் கிடக்கின்றான். மேலிருந்து நோக்கும் கர்வத்தை மட்டும் பற்றிக்கொண்டு, மனிதரை விகாரமாக்குவதையே நவீனத்துவம் எனப் பாராட்டிய பிற்கால எழுத்துக்கள் எந்த மொழியிலும் அரியன அல்ல. அவற்றில் வழிகாட்டி விண்மீன் இல்லை.

நாடகத்திலும் குறை உண்டு. மக்ஸின் மனைவியும் மகளும் முதற் காட்சியிலிருந்தே வறுமையின் முழுச் சுமையையும் சுமப்பவர்கள். அவ்வீட்டில் கரிப்புகையால் கூட்டாக உயிர்விடலாம் என்ற எண்ணத்தை முதலில் உரைப்பவன் மக்ஸ். இறுதியில் அவ்வாறே இறப்பவர்கள் அவ்விரு பெண்கள். அவர்களது மரணம் மேடையில் நிகழவில்லை. மக்ஸின் உயிர் போகும் வேளையில் டொன் லத்தீனோ அவனது பணப்பையுடன் கவர்ந்துகொண்ட லொத்தர்ச் சீட்டுக்குப் பரிசு விழுந்துவிட்டது. மதுக்கடையில் அவன் அப்பணத்தைச் செலவிட்டுக்கொண்டிருக்கையில், பத்திரிகைச் செய்தியாகவே அது வந்து சேர்கின்றது. செய்தியாகிவிட்ட துயரத்தைச் சமூகம் எவ்வாறு மென்று விழுங்குகின்றது என்பதைக் காட்டவே இவ்வமைப்பு என்று வாதிடலாம். எனினும், தெருவில் நின்ற பெயரற்ற தாய்க்கு அளிக்கப்பட்ட நேரான பார்வை கவிஞனின் சொந்த வீட்டுக்குள் நுழையவில்லை என்ற உறுத்தல் தீர்வதில்லை.

இந்நாடகம் 1963இல் பாரிஸில் மேடையேறியது. ஸ்பெயினில், பிராங்கோவின் ஆட்சி முடிவுறுமுன்னர், 1970இலேயே தொழின்முறை மேடையை அது கண்டது. ஆசிரியர் இறந்து அப்போது முப்பத்துநான்கு ஆண்டுகள். பூனைச் சந்தின் பழைய ஆடிகள் இன்று இல்லை. அவற்றின் நினைவாக உணவுச்சாலையொன்றின் முகப்பில் புதிய கோணற் கண்ணாடிகள் பொருத்தப்பட்டுள்ளன. உல்லாசப் பயணிகள் அவற்றின் முன் நின்று படம் எடுத்துக்கொள்கின்றனர்.